பர்வீன் பாஸ் பண்ணாத மஞ்சள்

பர்வீனுக்கு எழுத்துப் பிழை கண்ணில் படவே படாது. பட்டாசுப் பெட்டி லேபிளில் ‘எச்சரிக்கை’ என்பதை ‘எச்சிரிக்கை’ என்று அச்சடித்துக் கொடுத்தாலும் அவள் பாட்டுக்கு எண்ணி அடுக்கி வைத்துவிடுவாள். ஆனால் அதே லேபிளில் மஞ்சள் ஒரு இம்மி கூடியிருந்தால் தொலைந்தது. தாளைத் தூக்கி வேஸ்ட் பெட்டியில் வீசிவிட்டு மிஷின் பக்கம் திரும்பி ஒரு சத்தம் கொடுப்பாள். நான் நேர் எதிர். அதே பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறவள். எழுத்து என் பாடு, கலர் அவள் பாடு. சிவகாசிப் பக்கம் திருத்தங்கலில் ஒரே கூரைக்கு அடியில் பதினாலு வருசமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே நாங்கள் இரண்டு பேரும் சம்பளம் வாங்குகிறோம்.

என் பெயர் ஷைலா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம், ரமலான் பிறை எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நான்தான். எனக்குப் பொறுமை குறைவு என்பார்கள். பிழையைப் பார்த்துப் பொறுமையாக இருக்கிறவளுக்கு யார் இந்த வேலை கொடுப்பார்கள்?

பர்வீன் வேலைக்கு எங்கள் ஊரில் ‘செக்கிங்’ என்று பெயர். மிஷினிலிருந்து வரும் தாள்களை விசிறியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை ஒரு பக்கம், கழிசலை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள் இருக்கும். அதற்கு ‘ஓகே ஷீட்’ என்று பெயர். கலர் சரியாக அமைந்ததும் மேனேஜர் பலவேசம் அந்தத் தாளின் ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு மிஷினில் மாட்டிவிடுவார். அதற்கப்புறம் லட்சம் தாள் ஓடினாலும் அந்த ஒரு தாள் மாதிரியேதான் இருக்க வேண்டும். பர்வீன் கழித்த தாள்களை அடுக்கினால் திருத்தங்கல் மலை உயரம் வரும். ஆனால் ஓகே ஷீட்டில் அவள் கையெழுத்து ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அது செக்கிங் பெண்களின் வேலை இல்லை.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கலரை வடக்கு வாசலில், காலை பத்து மணிக்கு மேல், வெளி வெளிச்சத்தில்தான் பார்ப்பாள். “டியூப் லைட்டுக்கு அடியில மஞ்ச பொய் சொல்லும்க்கா” என்பாள். மிஷின் ஓட்டும் பாண்டிமுருகன் டியூப் லைட்டில் பார்த்துச் சரி என்று சொன்ன தாளை வாசலுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை திருப்பி அனுப்புவாள். சீசன் நேரத்தில் லோடு நிற்கும்போது பலவேசத்துக்கு எரிச்சல் வந்துவிடும். “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். நாங்களும் சிரிப்போம். பர்வீனும் சிரிப்பாள், ஆனால் தாளைப் பாஸ் பண்ண மாட்டாள்.

அவள் மகள் ஹாதியா. ஒரே பிள்ளை. எட்டு வயதில் வலது மணிக்கட்டில் பொட்டளவு வெளுப்பு விழுந்தது. அப்புறம் முழங்கையில், உதட்டோரத்தில், கழுத்தில். வெண்புள்ளி. எங்கள் ஊரில் இதற்கு ஒரு கெட்ட பெயர் வைத்திருக்கிறார்கள், குட்டம் என்ற சொல்லைச் சேர்த்து. அந்த வார்த்தை என் கையில் புரூஃபாக வந்தால் தாளே கிழியும்படி சிவப்பு மையால் அடிப்பேன். அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, தோலில் நிறம் செத்துப்போவது, அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பொம்பளைக்கு இது யார் சொல்வது? ஹாதியா உட்கார்ந்ததும் எழுந்து போன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

பர்வீன் என்ன செய்தாள் என்றால், மறைத்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்கு விரல் கணு வரைக்கும் கை வைத்துத் தைத்து, நுனியில் எலாஸ்டிக் கோத்துவிட்டாள். மார்க்கத்துக்காக இல்லை, அந்த வெள்ளையை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக. தினமும் காலையில் உதட்டோரத்துக்குப் பவுடர். வீட்டுக்காரர் முகம்மது ரியாஸ் லோடு ஆட்டோவில் குடமும் வாளியும் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக விற்கப் போகிறவர். யார் என்ன வைத்தியம் சொன்னாலும் வாங்கி வந்துவிடுவார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஆளிடம் சூரணம் கிடைக்கிறது, வெள்ளை மறைந்துவிடும் என்று யாரோ சொல்ல, அதையும் வாங்கி வந்தார். எட்டு மாதம் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். வெள்ளை மறையவில்லை, கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

மூன்று வருசத்துக்கு முந்தைய ஆகஸ்ட். தீபாவளி லேபிள் ராவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாதியா ஒன்பதாம் வகுப்பு, பதினாலு வயது. அன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. அம்மா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வடக்கு வாசல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். புழுக்கம் தாங்காமல் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, அச்சாகாத வெள்ளைத் தாள் கட்டின் மேல் மணிக்கட்டைச் சாய்த்து வைத்திருந்தாள். முகம் சோர்ந்துபோயிருந்தது. மூன்று வாரமாகவே அப்படித்தான், சாப்பாடு இறங்கவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பர்வீன் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏ ஹாதியா, எந்திரிச்சுப் போயி கையக் கழுவு. மஞ்ச மை அப்பியிருக்கு பாரு. தாள்ல பட்டுச்சுன்னா கட்டு பூராம் வேஸ்ட்டு.”

“நான் ஒண்ணையும் தொடலயேம்மா.”

“அப்பிக்கிட்டு நிக்கிது, தொடலைங்கிறா. போ.”

போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். மஞ்சள் அப்படியே இருந்தது. பர்வீன் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துத் தேய்த்தாள். மிஷின் மை மண்ணெண்ணெய்க்குப் போகாமல் இருக்காது. போகவில்லை. அவளுக்குக் கோபம் வந்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிள்ளை ஆவென்று கத்தியது. பாண்டிமுருகன் ரோலர் கழுவுகிற திரவத்தை ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டு வந்தான். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது மஞ்சள் காமாலையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருப்பார்களா? நாங்கள் மூன்று பேரும் குனிந்து நின்று துடைத்தோம்.

பர்வீன்தான் முதலில் கையை விட்டாள். பிள்ளையின் மணிக்கட்டைத் தாள் கட்டின் மேல் வைத்தாள். வாசல் வெளிச்சம் நேராக விழுந்தது. சுற்றியுள்ள மாநிறத் தோலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளையில் மட்டும் தெரிந்தது. “க்கா, இது மேல பட்ட மஞ்ச இல்ல. உள்ளருந்து வருது” என்றாள். பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். கண்ணும் மஞ்சள். வீட்டு டியூப் லைட்டில் இத்தனை நாள் அது ஒளிந்து கிடந்திருக்கிறது. பலவேசம் எங்கள் பின்னால் வந்து நின்று பார்த்தார். காமாலைக் கண் பழமொழியை அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

காமாலை என்றால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு வைத்தியம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். பக்கத்து டாக்டர் ஒருவர் தண்ணீரில் வந்த காமாலையாக இருக்கும், தானாக இறங்கும் என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அப்படித்தான் இறங்குகிறது. இவளுக்கு இறங்கவில்லை. ஐந்தாவது வாரம் வகுப்பில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, பாதம் வீங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரியாஸ் ஆட்டோவிலிருந்த குடங்களைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு மதுரைக்கு விட்டார். பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் ஏறிவிட்டேன்.

மதுரையில் ஈரல் டாக்டர். சூர்யபிரகாஷ் என்று பெயர், சின்ன வயசு, பேச்சு நிதானம். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், “இதுக்கு முன்னாடி பாப்பா வேற ஏதாவது மருந்து எடுத்தாளா?” என்று கேட்டார்.

“அல்லா மேல ஆணையா இல்லீங்க டாக்டர்” என்றாள் பர்வீன். “எங்க வீட்ல ஒருத்தரும் மருந்துப் பக்கமே போறதில்ல. நாங்க பிரஸ்ஸு ஆளுக.”

டாக்டருக்கு விளங்கவில்லை. ஆனாலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. எழுத்துப் பிழையை விடப் பெரிய பிழை பொருள் பிழை. “டாக்டர், இப்ப எழுதுனீங்கல்ல, அதை அடிங்க” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “எங்க ஊர்ல மருந்துன்னா பட்டாசுக்குள்ள போடுறது. அதைக் கலக்குறவுக, திணிக்கிறவுகளத்தான் மருந்துல வேலை பாக்குறாங்கன்னு சொல்லுவோம். நீங்க கேட்டது வேற, இவ சொன்னது வேற. ஏ பர்வீனு, சூரணம் குடுத்தீகளே, அதச் சொல்லு.”

“அது சூரணம்தானக்கா. அது எப்படி மருந்தாகும்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சூரணம், எட்டு மாதம், யார் கொடுத்தது, என்ன நிறம், பொட்டலம் மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரியாஸ் ஆட்டோ பெட்டிக்குள் கிடந்த பாதிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இதை இன்னையோட நிறுத்திருங்க. தோலுக்குக் குடுக்கிற சில பொடிகளே ஈரலைக் கெடுக்கும். இதைச் சொல்லாம விட்டிருந்தா வீட்டுக்குப் போயி திரும்பவும் குடுத்திருப்பீங்க” என்றார் டாக்டர். உண்மைதான். அன்று காலையில்கூடக் கொடுத்திருந்தார்கள்.

ஈரலில் ஊசி செலுத்திக் கடுகளவு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் என்னென்னவோ பார்த்தார்கள். நாலாம் நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். உடம்புக்குள் காவல் காக்கிற படை ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து வரும் கிருமியை அடிப்பதற்கு. அது இவளுக்குச் சொந்த ஆளையே அடிக்கிறது. ஆறு வருசம் முன்னால் தோலில் நிறம் கொடுக்கிற அணுக்களை அடித்தது, அதுதான் வெண்புள்ளி. இப்போது ஈரலை அடிக்கிறது. சூரணம் இதைக் கிளப்பிவிட்டிருக்கலாம், கிளப்பாமலும் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. வெண்புள்ளிக்காரர்கள் எல்லாருக்கும் இப்படி ஆகாது, ரொம்ப அபூர்வம் என்றும் சொன்னார்.

“ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. மாத்திரைக்குக் கட்டுப்பட்டா இந்த ஈரலோடயே கிழவி ஆயிருவா. கட்டுப்படலேன்னா வேற ஈரல்தான் வைக்கணும். ஒரு நாள் மாத்திரை விடக் கூடாது. கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும்மா.”

“அது எனக்குத் தெரியும் டாக்டர்” என்றாள் பர்வீன். “அதுதான் என் வேலையே.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் அழுதாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுதாள். வெள்ளையைப் போக்கத்தானே கொடுத்தேன், ஈரலைக் கெடுத்துட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஹாதியா என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு வடக்கு வாசலில் வந்து நின்றாள் பர்வீன். “க்கா, கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுக் குடுங்க. மஞ்ச அஞ்சு பர்சென்ட்டுல ஆரம்பிச்சு அம்பது வரைக்கும். முதக் கட்டம் சும்மா விடுங்க” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “டாக்டரு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கத்தான் பாப்பாரு. நான் தெனமும் பாக்கணும்ல.”

போட்டுக் கொடுத்தேன். ஒரு லேபிள் வேலையின் ஓரத்தில் இடம் காலியாக இருந்தது, அதில் பாண்டிமுருகன் ஓட்டிக் கொடுத்தான். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தவள், வழக்கம்போலக் கழித்துவிட்டாள். “காயித வெள்ளை வேற, எம்மக வெள்ளை வேற. அடியில கொஞ்சம் ரோஸ் ஓடும்.” பாண்டிமுருகன் தலையைச் சொறிந்துகொண்டு சிவப்பை இரண்டு பர்சென்ட் ஏற்றினான். கழித்தாள். நாலு. கழித்தாள். “இப்ப பிள்ளை கை மஞ்சளா இருக்கு, எதை வச்சு ஒப்பிடுறீக?” என்று அவன் சிடுசிடுத்தான். “ஆறு வருசமா அந்த வெள்ளையத்தானய்யா பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள் அவள். ஐந்தாவது தடவை ஓட்டியதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். “இதுதான். முதக் கட்டம் இதுதான்.”

அந்த அட்டையைப் பிள்ளையின் மணிக்கட்டு வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிரஸ் வாசலில் பத்து மணிக்கு. மற்ற நாளில் பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டு வாசலில். மாத்திரை போடும் நேரம், அட்டை பார்க்கும் நேரம் இரண்டையும் என் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் பர்வீன் எழுதி வைத்தாள். எழுத்து முழுக்கப் பிழை. டாக்டரிடம் அட்டையைக் காட்டினோம். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரத்தப் பரிசோதனைக்கு இது மாத்து இல்லம்மா, சொன்ன தேதிக்கு வந்தே ஆகணும்” என்றார். அப்புறம் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

முப்பத்தைந்து. முப்பது. அங்கே இரண்டு வாரம் நகரவே இல்லை. அந்த இரண்டு வாரமும் பர்வீன் நல்ல தாளையெல்லாம் கழித்துப் போட்டாள். பிறகு இருபத்தைந்து. இருபது. டிசம்பரில் பத்து. மதுரையில் ரத்தத்தில் எடுத்த அளவும் இறங்கிக்கொண்டே வந்தது. ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, பிரஸ்ஸில் அவ்வளவு பேரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றோம். ஹாதியா கையை நீட்டினாள். பர்வீன் முதல் கட்டத்தை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டம் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நினைவிலிருந்து பிடித்த நிறம். பாண்டிமுருகன், “யக்கா, அன்னைக்குச் சிடுசிடுத்தேன், தப்புத்தான்” என்று பெரிதாகக் கும்பிடு போட்டான். மூன்று நாளில் மதுரையிலிருந்தும் அதே செய்தி வந்தது. பலவேசம் எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் ஆறு வடை தின்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

மாத்திரை ஈரலைக் காப்பாற்றியது, முகத்தை வீங்கவைத்தது. கன்னம் உப்பி, பரு வெடித்து, பிள்ளை ஆளே மாறிப்போனாள். பத்தாம் வகுப்புக்குப் போனதும் கூடப் படிக்கிறதுகள் ‘பன்னு’ என்று பெயர் வைத்தன. அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பர்வீனுக்கு அப்போது ஒரு விசித்திரமான கவலை வேறு. மணிக்கட்டு வெள்ளையின் ஓரத்தில் மிளகு மிளகாக நிறம் திரும்ப ஆரம்பித்திருந்தது, மாத்திரையின் வேலை. “இத்தன வருசம் எது போகணும்னு தொழுதேனோ அது இப்பப் போகுதுக்கா. போயிட்டா நான் எங்கன பாக்குறது?” என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், “கண்ணு இருக்குல்ல, அதைப் பாரு” என்றேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் வேலைக்கு வந்ததும் வராததுமாக என் மேசைக்கு வந்தாள். “க்கா, அஞ்சு தெரியுது.”

“என்ன அஞ்சு?”

“அஞ்சு பர்சென்ட்டு. அவுக அத்தா இல்லைங்கிறாரு. அவளும் இல்லைங்கிறா. நல்லாத்தான் இருக்கா, ஓடுறா, திங்கிறா. மதுரைக்குப் போறதுக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு. எனக்கு மட்டும்தான் தெரியுது.”

சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு பிரஸ்ஸுக்கு வந்தாள். பர்வீன் அவளை வாசலில் நிறுத்தி, அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

“மாத்திரை போடுறியா?” என்றாள் பர்வீன்.

“போடுறேன்.”

“ஹாதியா. பன்னெண்டு வருசமா நான் இந்த வேலை பாக்குறேன். பாண்டிமுருகன் அரைப் பர்சென்ட்டு ஏமாத்துனாலே புடிப்பேன். என்னைய ஏமாத்தாத.”

பிள்ளை ஜாமென்ட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்கு அடியில், தாளில் மடித்து, ஏழு வாரத்து மாத்திரைகள். எனக்கு ஒரு அறை விடலாம் என்று வந்தது. பர்வீன் கை ஓங்கவில்லை. ஹாதியா அழுதுகொண்டே கத்தினாள். “ஒங்களுக்கு என்னம்மா? முதல்ல வெள்ளைன்னாக. இப்ப பன்னுங்கிறாக. நீங்களே எங்கையைப் பொத்திப் பொத்தித்தான அனுப்புறீக. ஒங்களுக்கே என்னையக் காட்ட வெக்கம். அப்புறம் எனக்கு என்ன?”

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பர்வீன் செக்கிங் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். பிள்ளை பயந்து பின்வாங்கினாள். பர்வீன் அவள் கையைப் பிடித்து, சீருடைக் கையின் நுனியில் இருந்த எலாஸ்டிக்கை வெட்டினாள். இரண்டு கையிலும் வெட்டினாள். பிறகு நாலு விரல் அளவுக்கு மேலே மடித்துவிட்டாள்.

“தப்புத்தான்த்தா” என்றாள். “நான் செஞ்சதுதான் தப்பு. அன்னைக்கு மட்டும் நீ புழுக்கத்துல இந்தக் கைய இழுத்துவிடாம இருந்திருந்தா, இந்த வெள்ளை என் கண்ணுல படாம இருந்திருந்தா, நீ இன்னைக்கு எனக்கு இருக்க மாட்ட. இதப் போயி பொத்திப் பொத்தி வச்சேன் பாரு.” மடிப்பை விரலால் நீவிவிட்டாள். “இனிமே பொத்த மாட்டேன். எவளாவது எந்திரிச்சுப் போனா போகட்டும், சீட்டு மிச்சம். நீ மாத்திரைய மட்டும் விட்டுறாத. எனக்கு நீ போதும். பன்னு மாதிரி இருந்தாலும் போதும்.”

கடைசி வார்த்தைக்கு ஹாதியாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே மதுரை. ஈரல் கெடுவதைக் காட்டும் ரத்த அளவு எட்டு மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் சூர்யபிரகாஷ் தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பர்வீனைப் பார்த்தார். “கண்ணுல மஞ்சள் இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். சொன்ன தேதிவரை விட்டிருந்தால் ஈரல் மாற்றுகிற பேச்சைத்தான் பேசியிருப்போம் என்றும் சொன்னார். பிள்ளையிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். மாத்திரையின் அளவை மாற்றி, முகம் வீங்காத வேறு மாத்திரையைக் கூடச் சேர்த்து, அந்த வீக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறேன் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தவள் எங்களிடம், “ஆறு மாசத்துல மூஞ்சி திரும்பிருமாம்” என்றாள். திரும்பியது. ஏழு மாதம் ஆனது, ஆனால் திரும்பியது.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட மாத்திரை விடவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தாள், பதினொன்று முடித்தாள். அட்டை பழசாகி மடங்கிப்போய், பாண்டிமுருகன் புதிதாக இரண்டு தடவை ஓட்டிக் கொடுத்தான். அஞ்சு திரும்ப வரவே இல்லை.

இந்த ஜூனில் மறுபடியும் ஈரலில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வருகிற அன்று நான் போகவில்லை, காலண்டர் புரூஃப் தலைக்கு மேல் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. எடுத்ததும் எதிர்ப்பக்கம் அழுகைச் சத்தம். “ஏ பர்வீனு, என்னாச்சு சொல்லு” என்று கத்தினேன். “சொல்லுதேன்க்கா, சொல்லுதேன்” என்று விம்மிவிட்டுச் சொன்னாள். ஈரல் அமைதியாகிவிட்டது. சண்டை நின்றுவிட்டது. விழுந்த தழும்புகூடக் குறைந்திருக்கிறது. சின்ன அளவில் மாத்திரை தொடர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். ஈரல் மாற்றுகிற பேச்சை இனி எடுக்கவே வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பிரஸ் நடுவில் நின்று ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்தினேன். மிஷின் சத்தத்தை மீறிக் கேட்டதாம். பலவேசம் ஓடிவந்து வடைக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை தாயும் மகளும் பிரஸ்ஸுக்கு வந்தார்கள். பிளஸ் டூ சீருடை, கை மடித்துவிட்டிருந்தது. பத்தரை மணிக்கு வந்தால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். பத்து மணி வெளிச்சம் வடக்கு வாசலில் விழுந்தது. ஹாதியா வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினாள். பர்வீன் அட்டையை எடுத்தாள், முதல் கட்டத்தைப் பக்கத்தில் வைத்தாள், பார்த்தாள். எடுக்கவில்லை, மறுபடியும் பார்த்தாள்.

பிறகு பக்கத்தில் நின்ற பலவேசத்தின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். அவர் ஓகே ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற அதே பேனா. அந்த வெள்ளையின் நடுவில், மிளகுப் புள்ளிகளுக்குப் பக்கத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

குனிந்து பார்த்தேன். ‘ஒகே’ என்று இருந்தது. நெடில் விட்டுப்போயிருந்தது. என் விரலிடுக்கில் சிவப்பு மைப் பேனா இருந்தது. பதினாலு வருசத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் சும்மா விட்டதில்லை.

மூடியைப் போட்டு மூடிவிட்டேன்.

ஹாதியா அதைத் துடைக்கவில்லை. பிரஸ் வாசலுக்கு எதிரே சிவகாசி பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடமில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடித்துவிட்ட சட்டைக் கை இன்னும் கீழே சரிந்து, முழங்கை வெள்ளை வரைக்கும் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, “என்னத்தா கையில எழுதியிருக்கு?” என்று கேட்டது எனக்கு வாசல் வரை கேட்டது.

“எங்கம்மா செக்கிங்ல இருக்காக” என்றாள் ஹாதியா. “என்னையப் பாஸ் பண்ணிட்டாக.”